ஸ்கொத்லாந்து ஓவியர் அலெக்சாண்டர் நேஸ்மித்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவருக்கு றொபேட் பேண்ஸ் என்னும் ஸ்கொத்லாந்துக் கவிஞரின் பெயர் புதிதன்று. அவர்தம் கவிதை நூலைப் புரட்டியோர் அதன் முகப்பில் ஓர் உருவப்படத்தையும் கண்டிருப்பர். ஒளி பொருந்திய கரிய விழிகள். கழுத்தைச் சுற்றிய வெள்ளைத் துணி. பின்னே மங்கிய வானமும் மரங்களும். பேண்சின் முகம் என உலகம் இன்று அறிந்திருப்பது பெரும்பாலும் இவ்வொரு படத்தையே. புத்தகங்களிலும் அஞ்சல் முத்திரைகளிலும் ஸ்கொத்லாந்து வங்கித் தாள்களிலும் இதன் வழிவந்த படிகளே இடம்பெற்றன. இதனை வரைந்தவர் அலெக்சாண்டர் நேஸ்மித். 1787ஆம் ஆண்டிலே வரைந்தார். வரைந்ததற்குக் கூலி பெற்றாரல்லர்.

இத்துணைப் புகழ்பெற்ற முகமொன்றைத் தீட்டிய அவ்வோவியர் ஐந்தாறு ஆண்டுகளுள் முகங்களை வரையும் தொழிலையே ஏறக்குறைய முற்றாகக் கைவிட்டார் என்பது வியப்பிற்குரியது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து நான்கு. உருவப்படம் வரைவதே அக்காலத்தில் ஓவியருக்குச் சோறு தரும் தொழில். அதனை விடுத்து நிலக்காட்சி வரையப் புகுந்த அவர், எஞ்சிய நாற்பத்தெட்டு ஆண்டுகளையும் மலை, ஆறு, கோட்டை, நகர் என்பவற்றோடு கழித்தார். காரணம் யாது? அரசியலே காரணம் என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அவ்விடையை நமக்குத் தருபவர் அவருடைய இளைய மகனும் பெயர்பெற்ற எந்திரவியலாளருமாகிய ஜேம்ஸ் நேஸ்மித். 1883ஆம் ஆண்டு வெளிவந்த தம் சுயசரிதையில் அவர் தந்தையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். இன்று நாம் அலெக்சாண்டரைப் பற்றி அறிவனவற்றுட் பெரும்பகுதி அந்நூலிலிருந்து வருவதே. ஆயினும் ஜேம்ஸ் பிறந்தது 1808இல் என்பதை நாம் மறத்தலாகாது. தாம் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைத் தந்தை இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதுகின்றார். அன்புடைய மகனின் சான்று மதிக்கத்தக்கது. எனினும் ஆராய்ந்து கொள்ளத்தக்கது.

அலெக்சாண்டர் 1758ஆம் ஆண்டு செப்தெம்பர் 9ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தை மைக்கேல் நேஸ்மித் வீடு கட்டுந் தொழிலினர். அக்காலத்து எடின்பரோ, கோட்டைக் குன்றின் சரிவிலே உயர்ந்த கல்வீடுகள் ஒன்றையொன்று நெருக்கி நின்ற பழைய நகர். சிறுவனுக்கு எட்டு ஒன்பது வயதாகும்போது, 1767இல், வடபுறத்து வெளியிலே நேரிய அகன்ற வீதிகளோடு புதுநகர் ஒன்றை அமைக்கும் திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே அவர் வளர்ந்ததும் முதிர்ந்ததும் கல்லுடைக்கும் ஓசை கேட்டபடியே எனலாம். கட்டட வேலைக்காரரின் மகன் அதனை இரைச்சலாகக் கேட்டிருக்கமாட்டான் போலும்.

நகரத்து உயர்கல்லூரியிற் சிறிது காலம் கற்றபின், குதிரைவண்டி கட்டும் பட்டறை ஒன்றிலே தொழில் பயிலச் சேர்ந்தார். பெருமக்களின் வண்டிக் கதவுகளில் குலச்சின்னங்களையும் பூவேலைகளையும் தீட்டுவது அவர் பணி. மாலையில் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபையின் சித்திரக் கல்லூரியில் அலெக்சாண்டர் றன்சிமன் என்பாரிடம் பயின்றார். இக்கல்லூரியைப் பற்றி ஒரு சொல் இங்கே கூறுதல் தகும். 1760ஆம் ஆண்டு இதனை நிறுவியோர் கவின்கலை வளர்க்கும் நோக்கமுடையோரல்லர். லினன் துணி முதலிய நாட்டுக் கைத்தொழில்களுக்கு நல்ல வடிவங்களை வரையவல்ல தொழிலாளரை உண்டாக்குவதே அவர்கள் கருத்து. சித்திரத்தையும் தொழிலையும் இரண்டாகப் பிரியாத இவ்விடத்திலேதான் நேஸ்மித் பென்சில் பிடிக்கக் கற்றார்.

அலன் றாம்சே என்பார் அந்நாளில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தலைமை ஓவியர், எடின்பரோவிற் பிறந்தவர். தம் ஊருக்கு வந்திருந்தபோது வண்டிப் பட்டறையில் இப்பையன் தீட்டிய ஒரு பலகையைக் கண்டார். உடனே பட்டறை உரிமையாளரிடம் பேசி, ஒப்பந்தத்தை விடுவித்து, அவனை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். பையனுக்கு வயது பதினாறு. அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1773இல், றாம்சேயின் வலக்கை ஊறுபட்டிருந்தது. ஆயினும் அவர் கூடத்திலே வேலைக்குக் குறைவில்லை. அரசன் அரசியரின் முடிசூட்டு உருவப்படங்களுக்குத் தூதகங்களும் ஆளுநர் மாளிகைகளும் காத்துக் கிடந்தன. ஒரே முகம், ஒரே அங்கி, ஒரே தூண், மீண்டும் மீண்டும். துணைப்பகுதிகளை எழுதுவது நேஸ்மித் போன்ற இளைஞர் பங்கு. கைத்திறன் வளர்வதற்கு இதைவிட நல்ல பயிற்சியும் மனம் சலிப்பதற்கு இதைவிட நல்ல வழியும் இல்லை.

1778இல் எடின்பரோ திரும்பித் தாமே உருவ ஓவியராகத் தொழில் தொடங்கினார். இங்கே அவருக்கு வாய்த்த புரவலர் பற்றிக் மில்லர் என்னும் வங்கியாளர். மில்லர் செல்வர் மட்டுமல்லர். கப்பல், பீரங்கி, உழவு என எதிலும் புதுமை செய்து பார்க்கும் வேட்கையர். தம் பொறிகளுக்கு வரைபடம் வரைய ஒருவர் அவருக்கு வேண்டியிருந்தது. நேஸ்மித் வரைந்த படங்கள் அவருக்கு மிகவும் பிடித்தன. அந்நன்றியினாற்போலும், இத்தாலி சென்று மேலும் கற்றுவரப் பணம் கடனாகக் கொடுத்தார். 1782ஆம் ஆண்டின் இறுதியிற் புறப்பட்ட நேஸ்மித் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இத்தாலியிலே தங்கினார். உருவப்படம் திருத்தமாக எழுதக் கற்பதற்கென்று போனவர், அங்கே காலத்தின் பெரும்பகுதியை நிலக்காட்சி வரைவதிற் செலவிட்டார்; கிளோட் என்னும் பழைய பேராசிரியரின் படம் ஒன்றைப் படியெடுத்தார் என்றும் குறிப்புண்டு. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இது நமக்கு வேண்டும்.

திரும்பி வந்தபின் தொழில் நன்றாகவே நடந்தது. 1786இல் பாபரா பவுலிசு என்னும் பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு பிறந்த மூத்த மகனுக்குத் தம் புரவலரின் பெயரையே சூட்டிப் பற்றிக் என அழைத்தார். அக்கால உருவப்படங்களைப் பார்ப்போர் ஒன்றை உடனே கவனிப்பர். தனித்த ஒருவரை இருண்ட அறையில் இருத்தி எழுதுவதில் அவருக்கு விருப்பம் குறைவு. குடும்பத்தினரைக் கூட்டமாக வெளியிலே, மரநிழலில், தங்கள் நிலங்களும் நீரும் பின்னே தெரியும்படி நிறுத்தி எழுதுவதிலேயே அவர் கை இன்புறுகின்றது. மனிதரின் தோளுக்கு மேலாக அவர் கண் எப்போதும் எதையோ தேடிச் செல்கின்றது.

இனிப் பேண்சின் கதைக்கு வருவோம். 1786 நவம்பர் முடிவிலே அயர்சயர் நாட்டுப்புறத்திலிருந்து எடின்பரோவுக்கு வந்தார் அந்த உழவர் கவிஞர். நகரத்துப் பிரபுக்கள் அவரை விருந்துக்கு அழைத்து வியந்து பார்த்தனர். நூலின் எடின்பரோப் பதிப்பை வெளியிட இசைந்த வில்லியம் கிறீச், முகப்பில் ஆசிரியரின் படம் வேண்டுமெனக் கருதி இருவரையும் சேர்த்துவைத்தார். ஓவியருக்கும் கவிஞருக்கும் வயது ஒன்றே, இருபத்தெட்டு. இருவரும் பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்தும் பிரபுக்களுக்கு முதுகு வளையாதவர்கள். நட்பு விரைவில் முற்றியது.

நேஸ்மித்தின் இருப்பிடத்தில் சில காலைகள் பேண்ஸ் வந்து அமர்ந்தார். படம் சிறியது, கைக்குள் அடங்கும் அளவிற் சற்றுப் பெரியது எனலாம். முகம் முடிந்ததும் ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். உடையும் பின்னணியும் முற்றுப்பெறவில்லை. மேலும் தொட்டால் ஒற்றுமை கெட்டுவிடும் என அஞ்சினாராம். ஜோன் பியூகோ என்பார் இதனைச் செப்புத் தகட்டிற் செதுக்கினார். அவருக்கும் பேண்ஸ் நேரில் அமர்ந்து காட்டியதனாற் செதுக்குப்படம் ஓவியத்தினின்றும் சிறிது வேறுபடும். 1787 ஏப்ரலில் நூல் வெளிவந்தது.

இப்படம் உண்மையான சாயல்தானா? இளமையில் ஒரு முறை பேண்சைக் கண்ட வோல்ற்றர் ஸ்கொற் இதுபற்றிப் பின்னாளிற் கருத்துக் கூறியுள்ளார். உறுப்புக்கள் சரியே, ஆனாற் சேய்மையிலிருந்து பார்த்தாற்போற் சுருங்கித் தோன்றுகின்றன, நேரிற் கண்ட முகம் இதனினும் பருத்து வலிமையுடையது என்பது அவர் எண்ணம். ஸ்கொற்றின் கூற்றைத் தள்ளுவதற்கில்லை. நேஸ்மித் வரைந்த பேண்ஸ் மென்மையும் நகர நாகரிகமும் வாய்ந்தவர். ஏர் பிடித்த தோள்கள் அப்படத்தில் இல்லை. எனினும் கவிஞரின் மனைவி ஜீன் ஆமர் இப்படத்தையே தம்மிடம் போற்றி வைத்திருந்தார். மகன் வில்லியம் நிக்கல் பேண்சின் மரணசாசனப்படி 1872இல் இது நாட்டின் உடைமையாயிற்று. இன்று எடின்பரோவில் ஸ்கொத்லாந்துத் தேசிய உருவப்படக் காட்சிச்சாலையில் இருக்கின்றது.

இந்நட்பைப் பற்றிய செய்திகளுள் எனக்கு மிகவும் பிடித்தது படம் எழுதிய அறையில் நிகழ்ந்ததன்று. ஓரிரவு மதுச்சாலையில் நேரம் போனது தெரியாது பேசிக்கொண்டிருந்த நண்பர்கள், இனி உறங்கிப் பயனில்லை எனக் கண்டு, விடியுமுன் நகரை விட்டுப் பெந்திலாந்துக் குன்றுகளின் பக்கம் நடந்தனர். நடந்து நடந்து றொசுலின் கோட்டையை அடைந்தனர். காலைக் கதிர் படரும் வேளையிலே, கோட்டை வளைவின் கீழ்க் கைகட்டி நின்று பேண்ஸ் அக்காட்சியிலே தம்மை மறந்திருந்தாராம். நண்பர் சத்தமின்றிப் பென்சிலை எடுத்து அத்தோற்றத்தைக் குறித்துக்கொண்டார். பேண்ஸ் 1796இல் முப்பத்தேழாம் வயதில் இறந்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியபின், 1828ஆம் ஆண்டளவில், எழுபது வயதை எட்டிய நேஸ்மித் அப்பழைய குறிப்பைக் கொண்டு நண்பரின் முழுவுருவை மீண்டும் எழுதினார். முன்னைய படத்திலே நிலம் முகத்தின் பின்னே ஒதுங்கி நின்றது. பின்னையதிலே கவிஞர் நிலத்தின் நடுவே நிற்கின்றார்.

பேண்ஸ் படம் எழுதப்பட்ட மறு ஆண்டிலே நேஸ்மித் வரைந்த இன்னொரு படமும் வரலாற்றிற் குறிக்கத்தக்கது. 1788 ஒக்தோபர் 14ஆம் நாள், பற்றிக் மில்லர் தம் டல்சுவின்டன் நிலத்திலுள்ள ஏரியில் ஒரு படகை ஓட்டினார். இரட்டை உடல் கொண்ட அப்படகின் நடுவே சுழன்ற சக்கரத்தை இயக்கியது வில்லியம் சிமிங்டன் அமைத்த நீராவி எந்திரம். மணிக்கு ஏறக்குறைய ஐந்து மைல் வேகம். பிரித்தானியாவில் நீராவியால் வெற்றியுடன் ஓடிய முதற் படகு இது என்பர். அன்று அதில் ஏறியிருந்தோருள் நேஸ்மித்தும் ஒருவர். அப்படகின் தோற்றத்தை நாம் இன்று அறிவதும் அவர் வரைந்த சித்திரத்தால். பேண்ஸ் அவ்வாண்டு மில்லரின் குடியானவராய் அருகிலே எலிஸ்லாந்தில் உழுதுகொண்டிருந்தார். அவரும் படகில் இருந்தார் என்றொரு கதை பின்னர்ப் பரவிற்று. கவிஞர் தம் கடிதம் எதிலும் இதனைக் குறித்தாரல்லர். இத்தகைய காட்சி ஒன்றைக் கண்டு வாளாவிருக்கும் இயல்பினர் அல்லர் பேண்ஸ். ஆதலின் கதையை ஐயத்தோடு கொள்வதே தக்கது.

நிற்க. 1789இல் பிரான்சிற் புரட்சி வெடித்தது. அதன் எதிரொலி ஸ்கொத்லாந்திலும் கேட்டது. நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டுமென்று சங்கங்கள் கூடின, அதிகாரத்திலிருந்தோர் அஞ்சினர். எடின்பரோவிலே வழக்கறிஞராயிருந்த தோமஸ் மியுயர் 1793 ஓகஸ்தில் அரச நிந்தனைக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பதினான்கு ஆண்டு நாடுகடத்தப்பட்டார். சுங்க வரிப் பகுதியில் உத்தியோகம் பார்த்த பேண்சின் மீதும் 1792 முடிவில் விசாரணை நடந்தது. நேஸ்மித் சீர்திருத்தக் கொள்கையினர். அதனை மறைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆகவே உயர்குடியினர் அவர்பால் முகஞ்சுளித்தனர். உருவப்படம் எழுதுவிப்போர் வரவு குறைந்தது. அவரும் இத்தொழில் வேண்டாவென நிலக்காட்சிக்குத் திரும்பினார். மகன் தரும் விடை இதுவே.

இது பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று என்பது என் கருத்து. பிரபுக்கள் அவரை முற்றாக வெறுத்திருந்தாற் பின்னைய ஆண்டுகளில் அவரை அழைத்தோர் யார்? ஆகைல் பிரபு அழைத்தார். அதோல் பிரபு அழைத்தார். தம் நிலங்களை வரைவதற்கும், எங்கே மரம் நடலாம், எங்கே பாலம் அமைக்கலாம் எனக் கூறுவதற்கும் அப்பெருங்குடியினரே இச்சீர்திருத்தவாதியைப் பலகாலம் நாடினர். வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. உருவப்படம் எழுதுவிப்பவர் ஓவியர் முன்னே பல மணி நேரம் அமர்ந்திருத்தல் வேண்டும். பேச்சு எழும், அக்கால எடின்பரோவிலே அப்பேச்சு அரசியலில் முடியாதிருத்தல் அரிது. ஓவியரின் கண்ணுக்குத் தம் முகத்தை ஒப்புவிக்கும் செயல் அது. பகைமை உணர்வோடு அதைச் செய்ய எவரும் இசையார். மலையை எழுதும் ஓவியரின் கொள்கை யாதாயினும் மலைக்குரியவருக்கு அதனால் இடரில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹென்றி றேபேண் இத்தாலியிலிருந்து 1787 அளவில் எடின்பரோவுக்குத் திரும்பினார். அகன்ற தூரிகையால், முகத்தின் மேல் ஒளி பாய, வாழும் மனிதர் எழுந்து வருவதுபோல் எழுதவல்லவர். நேஸ்மித்தின் சிறிய, நுணுகிய, அமைதியான உருவங்களை அவற்றோடு ஒருங்கு வைத்துப் பார்ப்பவர் எவரும் எது வெல்லும் என்பதை அறிவர். பின்னாளில் இருவரும் யோர்க் பிளேஸ் என்னும் ஒரே வீதியிலே வாழ்ந்தனர். றேபேணின் கூடம் 32ஆம் இலக்கத்தில், நேஸ்மித்தின் இல்லம் 47ஆம் இலக்கத்தில். பொறாமை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை, இருவரும் நண்பர்கள். நேஸ்மித்தின் விருப்பமோ இத்தாலியிலேயே நிலத்தின்பாற் சாய்ந்துவிட்டது. அரசியல் ஒரு கதவை அடைத்தது. அவர் போன வழியோ முன்னரே திறந்துகிடந்தது. மகன் தந்தையை ஒரு கொள்கைத் தியாகியாகக் காண விழைவது இயல்பு. கொள்கைக்காக அவர் வருவாயை இழந்தார் என்பதும் மெய்யே. ஆயினும் தாம் விரும்பிய வேலைக்கே அவர் இழப்பின் வாயிலாகச் சென்று சேர்ந்தார் என்று கூறுவதால் அவர் பெருமை குறைந்துவிடாது.

அவர் எழுதிய நிலக்காட்சிகள் கற்பனை நிலங்களல்ல. இன்ன இடம் எனச் சுட்டக்கூடியவை. அவற்றிலே பெரும்பாலும் ஒரு கட்டடம் இருக்கும். அது நிலத்தோடு எவ்வாறு பொருந்துகின்றது என்பதே படத்தின் பொருளாகும். இன்வெரேறியில் ஒரு வெளிச்சவீடு அமைக்க எண்ணிய ஆகைல் பிரபுவுக்காக, அது அமைந்தால் கடலிலிருந்து பார்ப்போருக்கு எங்ஙனம் தோன்றும் என்பதை முன்னரே எழுதிக் காட்டினார். இன்னும் கட்டப்படாத ஒன்றைக் கட்டியதுபோற் காட்டுதல் கட்டடக் கலைஞருக்குரிய வேலை. அதிலும் அவர் கைவைத்தார். லீத் ஆற்றங்கரையில் புனித பேணாட் ஊற்றின் மேல் 1789இல் எழுந்த வட்டமான தூண்மண்டபம் அவர் வரைந்த திட்டமே. இத்தாலியிலே திவோலி நகரிற் கண்ட பழைய உரோமக் கோயில் அங்கே ஸ்கொத்லாந்து வானத்தின் கீழ் மறுபிறப்பு எடுத்துள்ளது. ஆமண்டெல், தங்லாந்து என்னும் ஊர்களிலுள்ள பாலங்களின் அமைப்பிலும் அவர் பங்கு உண்டு.

அதோல் பிரபுவின் நிலத்தில் நிகழ்ந்ததாக மகன் கூறும் செய்தி ஒன்று சுவையானது. இப்பிரபு பல இலட்சம் மரங்களை நட்டு ‘மரம் நடும் பிரபு’ எனப் பெயர் பெற்றவர். அவர் நிலத்தில் செங்குத்தான பாறை ஒன்று மொட்டையாய் நின்றது. அதனை மரத்தால் மூட விரும்பினார். ஆனால் ஏறி நடுவதற்கு வழியில்லை. நேஸ்மித் சுற்றும் முற்றும் பார்த்தார். கோட்டை முன்றிலில் பழைய பீரங்கி கிடந்தது. தகரப்பேணிகளில் மரவிதைகளை நிரப்பி அப்பீரங்கியாற் பாறையை நோக்கிச் சுடச் செய்தார். பேணிகள் பாறையில் மோதி உடைய, விதைகள் வெடிப்புக்களிற் சிதறின. சில ஆண்டுகளிற் பாறை பசுமை போர்த்தது. ஓவியர்கள் வழக்கமாக நிலத்தைக் கித்தானில் திருத்துவர். இவர் நிலத்தையே திருத்தினார்.

நாடக மேடைக்குத் திரைகள் எழுதுவதும் அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு தொழிலாயிருந்தது. அந்நாளிலே இதனைத் தாழ்ந்த வேலையாகக் கருதியோர் உளர். கிளாஸ்கோ அரங்கிற்கு அவர் எழுதிய திரைகளைக் கண்டு வியந்த ஓர் ஏழைச் செம்மான் மகன், பின்னர் எகிப்து, பலஸ்தீன நாடுகளின் காட்சிகளை எழுதி உலகப் புகழ் பெற்றார். அவர் டேவிட் றொபேட்ஸ். திரைகள் அழிந்துவிட்டன. ஸ்கொற்றின் ‘மிட்லோதியனின் இதயம்’ என்னும் நாவலை மேடையேற்றியபோது வரைந்த மாதிரிகள் சில மட்டும் எஞ்சியுள்ளன.

அவருடைய படங்களுட் சிறந்தவை அவர் அறுபதைக் கடந்தபின் எழுதியவை என்று கருதுகின்றேன். 1825இல் எழுதிய பிறின்செஸ் வீதிப் படம் அவற்றுள் ஒன்று. அரச கலைநிலையத்துக்கென வில்லியம் பிளேபெயர் திட்டமிட்ட கட்டடம் அப்பொழுது எழுந்துகொண்டிருந்தது. நேஸ்மித் அது முடியும்வரை காத்திருக்கவில்லை. வெட்டிய கற்கள் குவிந்து கிடக்கின்றன. வேலையாட்கள் வளைந்து நிற்கின்றனர். ஒருபுறம் புதுநகரின் வீடுகள் வரிசையாய்ச் செல்ல, வீதியில் வண்டிகளும் மக்களும் திரிகின்றனர். மறுபுறம் பழைய நகர் மேட்டிலிருந்து இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. தொலைவிற் கோல்டன் குன்று. மாலையொளி எல்லாவற்றின் மீதும் ஒருபடித்தாய் விழுகின்றது. கட்டி முடிந்த அரண்மனையை எழுதுவோர் பலர். கட்டப்படும் நகரை, அதன் கல்லும் மண்ணும் புழுதியுமாக, அழகெனக் கண்டு எழுதியோர் மிகச் சிலர். கட்டட வேலைக்காரர் மகனின் கண் இங்கே விளங்குகின்றது. குறையும் கூறவேண்டும். அவர் மரங்கள் பல படங்களில் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். முன்னிலத்தை இருளாக்கி நடுநிலத்தை ஒளியாக்கும் உபாயமும் திரும்பத் திரும்ப வரும். அவர் காலத்திலேயே ஆங்கில நாட்டிற் கொன்ஸ்டபிள், டேணர் முதலியோர் வானையும் நீரையும் முற்றும் புதிய கண்ணாற் கண்டனர். அந்தத் துணிவை நேஸ்மித்திடம் எதிர்பார்த்தல் வீண்.

அவர் புகழுக்குரிய இன்னொரு துறை ஆசிரியத் தொழில். யோர்க் பிளேஸ் இல்லத்திலே சித்திர வகுப்பு நடத்தினார். ஜேன், பாபரா, மாகிறற், எலிசபெத், ஆன், சாலற் என அவருக்கு ஆறு புதல்வியர். அறுவரும் ஓவியர். பெண்களும் தம் கையால் உழைத்து வாழும் ஆற்றல் பெறல்வேண்டும் என்பது தந்தையின் உறுதியான கொள்கை. வகுப்பைப் பின்னர் நடத்தியோர் அவர்களே. அவர்கள் படங்கள் எடின்பரோவிலும் இலண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. மூத்த மகன் பற்றிக், வலக்கை ஊறுபட்டமையால் இடக்கையால் எழுதப் பழகி, காது கேளாமையையும் பொறுத்து, நிலக்காட்சி ஓவியராய்ப் பெயர்பெற்றுத் தந்தைக்கு முன்னரே 1831இல் மறைந்தார்.

அவ்வகுப்பிற்கு மேரி பெயபக்ஸ் என்னும் பெண் வந்தாள். ஒருநாள் நேஸ்மித் வேறொரு மாணவியிடம், அண்மையும் சேய்மையும் தோன்ற வரையும் முறையை உள்ளபடி அறியவேண்டின் யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைக் கற்கவேண்டும். வானியலுக்கும் எந்திரவியலுக்குங்கூட அதுவே அடிப்படை என்று கூறினார். சொன்னது ஒருத்தியிடம், பற்றிக்கொண்டது இன்னொருத்தி. அக்காலத்தில் ஓர் இளம்பெண் புத்தகக் கடைக்குச் சென்று யூக்கிளிட் கேட்டல் இயலாத செயல். தம்பியின் ஆசிரியரைக் கொண்டு நூலைப் பெற்று இரவிலே கற்றாள். வீட்டார் கண்டு மெழுகுதிரியை அகற்றினர். அதன் பின்னும் படித்தவற்றை நினைவிலிருந்தே இருளில் மீட்டு மீட்டுத் தீர்த்தாள். இப்பெண்ணே பின்னாளில் லப்பிளாசின் வானியலை விளக்கி 1831இல் நூல் எழுதிய மேரி சமவில். ஒக்ஸ்போட்டில் 1879இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அவர் பெயரையே தாங்குகின்றது. சித்திர ஆசிரியர் ஒருவர் பாடத்தின் நடுவே சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு கணித மேதை தோன்றினார் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் அம்மையாரே தம் நினைவுக் குறிப்புக்களில் அந்நாளை மறவாது எழுதியுள்ளார்.

நேஸ்மித்துக்குச் சித்திரம் வரைதல் என்பது ஒரு பொருளை அறிந்துகொள்ளும் முறை. பொருள் மலையாயினும் பொறியாயினும் அவருக்கு ஒன்றே. அவர் வீட்டிலே தூரிகைகளோடு கடைசற்பொறியும் அரமும் இருந்தன. றேபேண் போன்ற ஓவியரும், ஜேம்ஸ் ஹோல், பேராசிரியர் லெஸ்லி போன்ற அறிவியலாளரும் அவ்வறைக்கு வந்து பேசிப் போவர். வில்லும் நாணும் போல வளைவை நேர்த்தண்டால் இழுத்துக் கட்டும் பாலமுறை ஒன்றை அவர் கண்டுபிடித்தார் என்று ஜேம்ஸ் கூறுகின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புத் தகடுகளைத் தறையாணியால் இணைக்க வேண்டியிருந்தது. ஓய்வுநாளிற் சம்மட்டி ஓசை கேட்டால் அயலார் பொறார். ஆகவே ஆணியை அடியாது, இறுக்குபொறியின் வாயிலே வைத்து நெருக்கிப் பார்த்தார். அடித்ததிலும் நன்றாக இறுகிற்று. இவற்றுள் எதற்கும் அவர் காப்புரிமை பெற்றாரல்லர்.

அவ்வறையிலே வளர்ந்த ஜேம்ஸ் மாஞ்செஸ்டர் அருகே பெரிய எந்திரசாலையை நிறுவினார். 1839 நவம்பரில், மிகப் பெரிய கப்பல் அச்சொன்றை அடித்துருவாக்கக் கருவி இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. ஜேம்ஸ் தம் திட்டப் புத்தகத்தை எடுத்து, அரை மணி நேரத்துள் நீராவிச் சம்மட்டியை அதில் வரைந்து முடித்தார் என்கிறார். அதனைச் செய்விப்போர் அப்பொழுது எவரும் இல்லை. சில ஆண்டுகளின் பின் பிரான்சுக்குச் சென்றவர், கிறூசோ தொழிற்சாலையிலே தம் சம்மட்டி வேலை செய்வதைக் கண்டு திகைத்தார். தாம் இல்லாத வேளையில் வந்த பிரெஞ்சுக்காரர் அப்புத்தகத்துப் படத்தைப் பார்த்துச் சென்றே அமைத்தனர் என்பது அவர் கூற்று. பிரெஞ்சு எந்திரவியலாளர் இதனை மறுத்துத் தாமே கண்டதாக வாதித்தனர். வழக்கு எவ்வாறாயினும், சொல் ஒன்றுமின்றிப் படத்தைக் கொண்டே ஒரு பொறியைக் கட்டிவிடலாம் என்பதில் ஜேம்சுக்கு ஐயமிருக்கவில்லை. அந்நம்பிக்கை தந்தையின் அறையிற் கற்றது.

தந்தை அச்சம்மட்டி இயங்குவதைக் காண வாழ்ந்திலர். 1840 ஏப்ரல் 10ஆம் நாள், எண்பத்தொரு வயதில், எடின்பரோவில் இறந்தார். அவரிடம் உதவிபெற்ற மாணவருள் ஒருவரான டேவிட் வில்கி, ஸ்கொத்லாந்தின் நிலக்காட்சி ஓவியமுறையைத் தோற்றுவித்தவர் அவரே என்று அவர் மனைவிக்கு எழுதினார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்வரை அவர் தூரிகை ஓயவில்லை. கடைசியாக எழுதிய சிறு படத்திலே, வேலை முடித்த முதிய தொழிலாளி ஒருவர் மாலைப்பொழுதில் வீட்டை நோக்கி நடக்கின்றார். ‘வீடு திரும்பல்’ என்று அதற்கு அவரே பெயரிட்டார். அவர் உடலை அடக்கம் செய்த புனித கத்பேட் தேவாலய முற்றம், கோட்டைக் குன்றின் அடியிலே, அவர் எழுதிய அந்தப் பிறின்செஸ் வீதியின் மேற்கு முனையில் இருக்கின்றது.